கத்தியும் தீட்டுகல்லும்

கந்தப்பளைத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணாக்கன் ஒருவன், ‘உயிர் காக்கும் கருவி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வந்தான். விமானப்படையினர் இடையிற் செருகும் கத்தியைப் பற்றி அதில் வியந்து பேசியிருந்தான். எழுத்துப்பிழை திருத்த எடுத்த யான், பொருளில் ஈடுபட்டு, அக்கத்தியின் வரலாற்றைத் தேடலானேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கமிலஸ் என்னும் சிற்றூரின் கத்தித் தொழிற்சாலையில் 1957ஆம் ஆண்டளவில் உருவானது அது. விமானம் பழுதுற்று, காட்டில் தனித்து இறங்கும் விமானி ஒருவனுக்கு அஃது ஒன்றே துணை. அலகின் நீளம் முதலில் 6 அங்குலம். 1962இல் 5 அங்குலமாகக் குறைந்தது. அலகின் முதுகில், விமானத்தின் மெல்லிய அலுமினியத் தகட்டை அறுக்க வாட்பற்கள். தோல் வளையங்களை அடுக்கிய பிடி. பிடியின் அடியில், சுத்தியல் போல அடிப்பதற்கு இரும்புப் பூண். உறையிலே ஒரு சிறு பை. அதனுள் ஒரு தீட்டுகல். ஒண்டாரியோ என்னும் நிறுவனமும் இக்கத்தியைச் செய்தது. கமிலஸ் தொழிற்சாலையோ 2007இல் மூடப்பட்டது.

படைக்கலத்துக்குரிய இரும்பு நம் மலைகளுக்குப் புதிதன்று. எஃகு என்னும் சொல்லே பழைய தமிழில் வேல் முதலிய கூரிய படைக்கலத்தையும் குறித்தது. மத்திய மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைமுகடுகளில் பழைய உலைகள் பல கண்டெடுக்கப்பட்டன. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே எஃகு விளைந்தது. துருத்தி ஊதுவார் வேண்டியதில்லை; தென்மேற்குப் பருவக்காற்றே உலையை மூட்டியது. கில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் அவ்வாறே உலை அமைத்து எரித்துக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் அதனை வெளியிட்டார். 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் செய்த அரபு அறிஞர் அல்கிந்தி, சரந்தீப் வாள்களையும் எடுத்துரைத்தார். சரந்தீப் என்பது நம் இலங்கையே. அவ்வெஃகை ஆக்கியோர் பெயர் ஒன்றேனும் நமக்கு எஞ்சவில்லை.

இவற்றையெல்லாம் மாணாக்கனுக்குச் சொல்லிவிட்டு, “உன் தந்தையார் என்ன தொழில் செய்கிறார்?” என வினவினேன். “கவ்வாத்து வெட்டுகிறார், ஐயா” என்றான். “அவர் கத்தியைப் பற்றி ஏன் எழுதவில்லை?” என்றதும் தலை குனிந்து, “அது தோட்டத்துக் கத்திதானே, ஐயா” என்றான்.

அச்சொல் என்னைச் சுட்டது. உயர்ந்த மலைகளில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து நிகழும். வெட்டு சாய்வாகவும் வழுவழுப்பாகவும் அமைதல் வேண்டும். கிளை பிளந்தால் மழைநீர் தங்கும். அழுகல் நோய் புகும். செடியே பட்டுப்போகவுங் கூடும். ஆகவே தொழிலாளி நாள்முழுதும் நின்று நின்று கத்தியைத் தீட்டுகிறார். விமானியின் உறையிலிருந்த அதே கல்லன்றோ இவர் கையில் இருப்பதும்! அக்கத்தி ஒருவன் உயிரைக் காக்கச் செய்யப்பட்டது. இக்கத்தியோ மலையிலுள்ள செடிகளையும், அவற்றை நம்பிய குடும்பங்களையும் காக்கிறது. இருந்தும், இத்தனை ஆண்டு தமிழ் கற்பித்த யான், ‘கவ்வாத்து’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் ஒருநாளும் எழுதியதில்லை. மாணாக்கனின் நாணம் என் வகுப்பில் விளைந்ததே.

மறுவாரம், தந்தையிடம் கேட்டு அவன் இரண்டாவது கட்டுரை எழுதி வந்தான். கத்தியைப் பிடிக்கும் வகையும், முனை மழுங்கியதை வெட்டும் ஓசையாலே அறியும் நுட்பமும் அதில் இருந்தன. யான் கேட்டறியாத சொற்கள் நான்கும் இருந்தன. அவற்றை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆசிரிய அன்பர்களே, தத்தம் ஊர்த் தொழிற்கருவிகளின் பெயர்களை மாணாக்கர் வாயிலாகத் தொகுப்பீர்களாக. உலை மூட்டியோர் பெயர் மறைந்தது போல இச்சொற்களும் மறைந்துபோக விடலாகாது.