பிறவிக் கண்புரை நீங்கிய பின் மூளை காணக் கற்கிறதா? இந்தியக் குழந்தைகளிடம் விடை தேடும் நரம்பியல் ஆய்வு

புதுதில்லி:

பிறந்தது முதல் கண்புரையால் ஒளியையும் இருளையும் மட்டுமே பிரித்தறிந்து வந்த ஒரு குழந்தைக்குப் பத்து வயதில் அறுவை சிகிச்சை செய்தால், அதனால் உலகைக் காண இயலுமா? 'காலம் கடந்துவிட்டது, இனிப் பெரிய பயனில்லை' என்பதே நீண்ட காலமாக மருத்துவ உலகின் விடையாக இருந்தது. அந்த விடையை மறுஆய்வுக்கு உட்படுத்தியவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பேராசிரியராகப் பணியாற்றும் இந்திய நரம்பியல் விஞ்ஞானி பவன் சின்ஹா.

தில்லி ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பயின்ற சின்ஹா தொடங்கிய திட்டத்தின் பெயர் 'பிரகாஷ்'. ஒளி என்பது இச்சொல்லின் பொருள். வட இந்தியக் கிராமங்களில் பிறவிப் பார்வையின்மையுடன் வாழும் குழந்தைகளைக் கண்டறிந்து, தில்லியில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் சிகிச்சை பெறச் செய்வது இத்திட்டத்தின் ஒரு பகுதி. கட்டு அவிழ்க்கப்பட்ட பின் அக்குழந்தைகளின் மூளை எவ்வாறு காணக் கற்கிறது என்பதை ஆராய்வது மற்றொரு பகுதி.

பார்வைப் புறணி என்பது என்ன?

கண் ஒளியைப் பெறும் உறுப்பு. அந்த ஒளியிலிருந்து உருவங்களைப் பிரித்தறிவது மூளையின் பணி. விழித்திரையில் உருவாகும் நரம்புச் சைகைகள், தலையின் பின்பகுதியில் பிடரி மடலில் அமைந்துள்ள பார்வைப் புறணியைச் சென்றடைகின்றன. அங்கு நாம் காணும் வெளி ஒரு வரைபடம் போல் பதிகிறது. இடப்புறம் உள்ள காட்சி மூளையின் வலப் பாதிக்கும், வலப்புறக் காட்சி இடப் பாதிக்கும் செல்கின்றன. பார்வையின் மையத்தில் உள்ள சிறு பகுதிக்கு இவ்வரைபடத்தில் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. எழுத்துகளைப் படிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் நாம் அப்பகுதியையே பயன்படுத்துகிறோம்.

இவ்வரைபடத்தின் தொடக்ககால விவரங்கள் போர்க்களத்திலிருந்து கிடைத்தன. 1904-05ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த வீரர்களை ஜப்பானியக் கண் மருத்துவர் தத்சுஜி இனோயே பரிசோதித்தார். குண்டு மூளையின் எப்பகுதி வழியாகச் சென்றது, பார்வையின் எப்பகுதி மறைந்தது என்பதை ஒப்பிட்டு அவர் வெளியிட்ட வரைபடம் 1909ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று காயமின்றி, எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் உயிருடன் இருப்பவரின் பார்வைப் புறணியை வரைய முடிகிறது.

பூனைக்குட்டிகள் உணர்த்திய எச்சரிக்கை

டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய விஞ்ஞானிகள் 1950களின் இறுதியில் பூனைகளின் பார்வைப் புறணியில் உள்ள நரம்பணுக்களின் செயல்பாட்டை அளந்தனர். ஒவ்வொரு நரம்பணுவும் குறிப்பிட்ட சாய்வில் அமைந்த கோட்டிற்கோ விளிம்பிற்கோ மட்டும் வலுவாக எதிர்வினை புரிவதை அவர்கள் கண்டறிந்தனர். 1963ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு மேலும் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. பிறந்த சில வாரங்களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி வைத்து, சில மாதங்களுக்குப் பின் திறந்தால், அக்கண் நலமாக இருந்தும் மூளை அதனைப் பயன்படுத்துவதில்லை. இவ்விருவருக்கும் 1981ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

குழந்தைப் பருவத்தில் பார்வை வளர்வதற்கென ஒரு 'முக்கியக் காலம்' உண்டு என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. பிறவிக் கண்புரையைச் சில வாரங்களிலேயே அகற்ற வேண்டும் என மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே அடிப்படை. அதே கருத்தின் மறுபக்கமாக, எட்டு, பத்து வயதைக் கடந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வதில் ஆர்வம் குன்றியது. வசதியற்ற குடும்பங்களில் பிறந்து, மருத்துவமனையை எட்டவே பல ஆண்டுகளான குழந்தைகள் இதனால் இருமுறை வாய்ப்பை இழந்தனர்.

கட்டு அவிழ்ந்த பின் நிகழ்வது

சின்ஹா குழுவினரின் ஆய்வுகள் இதில் ஒரு நடுவழியைக் காட்டுகின்றன. 12 வயதில் கண்புரை அகற்றப்பட்ட ஒரு பெண்ணை, சிகிச்சைக்கு 20 ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் பரிசோதித்தனர். 2006ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, அவரது பார்வைக் கூர்மை குறைவாகவே இருந்தது. எனினும் பொருள்களையும் முகங்களையும் அவரால் அடையாளம் காண முடிந்தது.

இத்திறன் உடனடியாக வருவதில்லை. புதிதாகப் பார்வை பெற்றவர்களிடம் ஒரு படத்தைக் காட்டினால், நிறமும் ஒளியும் மாறும் ஒவ்வொரு பகுதியையும் தனிப் பொருளாகவே முதலில் கருதுகின்றனர். பந்தின் மீது விழும் நிழலும் அவர்களுக்கு வேறொரு பொருள். ஆனால் அப்பொருள் நகரத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. ஒன்றாக நகர்வன ஒரே பொருளைச் சேர்ந்தவை என்பதை மூளை பற்றிக்கொள்கிறது. காணக் கற்பதற்கு அசைவே முதல் ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முடிவு.

முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலான ஒரு தத்துவக் கேள்விக்கும் இக்குழந்தைகள் மூலம் விடை கிடைத்தது. உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்த பார்வையற்றவர், பார்வை பெற்றதும் தொடாமலேயே அவற்றை வேறுபடுத்திக் கூறுவாரா என அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மாலினெக்ஸ், தத்துவஞானி ஜான் லாக்கிடம் வினவியிருந்தார். சிகிச்சை முடிந்த ஐந்து சிறார்களிடம் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டு வெளியான சோதனையில், தொட்டறிந்த வடிவத்தைக் கண்ணால் கண்டு தேர்ந்தெடுக்க அவர்களால் உடனடியாக இயலவில்லை. எனினும் சில நாள்களிலேயே அத்திறன் வளர்ந்தது மறுசோதனைகளில் தெரியவந்தது.

2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பல ஆண்டுகள் பார்வையின்றி வாழ்ந்த 11 பேரின் ஒளி-இருள் வேறுபாட்டை உணரும் திறன் அளக்கப்பட்டது. சிலரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. மற்றவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. 'முக்கியக் காலம்' முடிந்ததும் மூளையின் கதவு ஒரேயடியாக அடைபடுவதில்லை என்பதையும், அனைவருக்கும் அது ஒரே அளவில் திறப்பதில்லை என்பதையும் இது உணர்த்துகிறது.

மங்கலான தொடக்கத்தின் பயன்

நலமாகப் பிறக்கும் குழந்தையின் பார்வையும் முதல் மாதங்களில் மங்கலாகவே இருக்கும். நிறங்களையும் அது தெளிவாக உணர்வதில்லை. இது ஒரு குறை என்றே கருதப்பட்டு வந்தது. தாமதமாகச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் நிலையோ வேறு. அவர்களது கண்கள் ஓரளவு வளர்ச்சியடைந்த நிலையிலேயே காணத் தொடங்குகின்றன. நிறத்தை நீக்கிக் கறுப்பு-வெள்ளையாகக் காட்டப்படும் படங்களை அடையாளம் காண்பதில் அவர்கள் கூடுதல் சிரமப்படுவது 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. தொடக்கத்தில் நிறம் குறைவாகக் கிடைப்பதால், ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பொருள்களை அறிய மூளை பழகுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கணினி நரம்பு வலையமைப்புகளுக்கு முதலில் மங்கலான படங்களையும் பின்னர் தெளிவான படங்களையும் அளித்துப் பயிற்றுவித்தபோதும், அவற்றின் முகம் அறியும் திறன் மேம்பட்டது.

பெற்றோர் அறிய வேண்டியவை

தாமதமான சிகிச்சையும் பயன் தரும் என்பதால், தாமதிக்கலாம் என்று பொருளில்லை. இழந்த பார்வைக் கூர்மை முழுமையாகத் திரும்புவது அரிது. கருவிழியின் நடுவே வெண்மை தென்படுதல், கண்கள் இடைவிடாது அலைபாய்தல், இரண்டு, மூன்று மாதங்களாகியும் தாயின் முகத்தை நோக்காமை ஆகியவை காணப்பட்டால் உடனே கண் மருத்துவரை அணுக வேண்டும். இருகண்களிலும் அடர்த்தியான புரை இருப்பின், பிறந்த இரண்டு மாதங்களுக்குள் அதனை அகற்றுவது நல்லது. அதன் பின் கண்ணாடி அல்லது லென்ஸ் அணிவதும் தொடர் பரிசோதனையும் இன்றியமையாதவை.

கருவுற்ற காலத்தில் தாய்க்கு ஏற்படும் ரூபெல்லா தொற்று, பிறவிக் கண்புரைக்கான காரணங்களுள் தடுக்கக்கூடிய ஒன்று. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நாட்டில் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு முதல் செயல்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளிடம் கண்டறியப்பட வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பிறவிக் கண்புரையும் இடம்பெற்றுள்ளது. அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் இதற்கான பரிசோதனைகள் நடைபெறுகின்றன.

வயது கடந்துவிட்டது எனக் கருதி வீட்டிலேயே இருத்தப்பட்டுள்ள குழந்தைகளையும் ஒருமுறையேனும் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே இவ்வாய்வுகள் உணர்த்தும் செய்தி. எழுத்தைப் படிக்கும் அளவுக்குப் பார்வை கிட்டாவிடினும், பிறர் துணையின்றி நடமாடவும் உறவினரின் முகத்தை அறியவும் இயன்றால், அக்குழந்தையின் வாழ்வில் அது பெரும் மாற்றமாகும்.