ருங்கோல்ட்

ருங்கோல்ட் என்பது, இன்றைய ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் மேற்குக் கரையோரத்தில் அமைந்திருந்து, 1362ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஏற்பட்ட கடற்பெருக்கில் அழிந்துபோன இடைக்காலக் குடியிருப்பு ஆகும். நீண்ட காலம் இது வெறும் கட்டுக்கதை என்றே பலராலும் கருதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேற்றுநிலத்தில் கிடைத்த தடயங்களும், 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஆய்வு முடிவுகளும் இக்குடியிருப்பு உண்மையில் இருந்ததை உறுதி செய்துள்ளன.

அமைவிடம்

ருங்கோல்ட், வட பிரீசியக் கரைக்கு அப்பால் இருந்த ஸ்ட்ராண்ட் என்னும் நிலப்பகுதியில், எடோம்ஸ்ஹார்டே என்ற நிர்வாகப் பிரிவில் அமைந்திருந்தது. அக்காலத்தில் இப்பகுதி டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ருங்கோல்ட் இருந்த இடம், பெல்வோர்ம் தீவுக்குத் தெற்கே, சூட்ஃபால் என்னும் சிறு தீவைச் சுற்றியுள்ள வாடன் கடற்பகுதி ஆகும். வாடன் கடல் என்பது, ஓதம் ஏறும்போது நீரில் மூழ்குவதும், இறங்கும்போது சேற்றுவெளியாக வெளிப்படுவதுமான ஆழமற்ற கடற்பரப்பு ஆகும்.

நிலமும் வாழ்க்கையும்

இப்பகுதியில் குடியேறிய பிரீசிய மக்கள், தாழ்ந்த சதுப்பு நிலத்தில் மண்மேடுகளை அமைத்து அவற்றின்மேல் வீடுகளைக் கட்டினர். இம்மேடுகள் வார்ஃப்ட் என அழைக்கப்படுகின்றன. கடல்நீர் உட்புகாதவாறு மண்ணாலான கடலணைகளும், உள்ளே தேங்கும் மழைநீரை வெளியேற்றுவதற்கு வாய்க்கால்களும் மதகுகளும் அமைக்கப்பட்டன. வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, உப்பு உற்பத்தி, கடல்வழி வணிகம் ஆகியன மக்களின் முக்கிய தொழில்களாக இருந்தன. ரைன் ஆற்றுப் பகுதி, பிளாண்டர்ஸ், எசுப்பானியா ஆகிய இடங்களில் இருந்து வந்த பொருட்கள் இங்கு கிடைத்திருப்பது, இக்குடியிருப்பு தொலைதூர வணிகத்தில் ஈடுபட்டிருந்ததைக் காட்டுகின்றது. வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டான 1361இல்கூட எடோம்ஸ்ஹார்டே மக்களுக்கும் ஹம்பர்க் வணிகர்களுக்கும் இடையே வணிக உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது.

1362ஆம் ஆண்டுக் கடற்பெருக்கு

1362 சனவரி நடுப்பகுதியில் வட கடலில் கடும் புயல் வீசியது. சனவரி 16 புனித மார்செல்லஸ் நாள் என்பதால், இப்பெருக்கு இரண்டாம் மார்செல்லஸ் வெள்ளம் என அழைக்கப்படுகின்றது. உள்ளூர் மொழியில் இதற்கு "மனிதர்களை மூழ்கடித்த பெருவெள்ளம்" என்னும் பொருள்படும் பெயரும் உண்டு. கடலணைகள் பல இடங்களில் உடைந்தன. ருங்கோல்ட்டும் அதனைச் சூழ்ந்திருந்த ஊர்களும் நீரில் மூழ்கின.

அழிவுக்கான காரணங்கள்

புயல் மட்டுமே இவ்வழிவுக்குக் காரணம் அன்று. நிலத்தின் மட்டம் மனிதச் செயல்களால் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது.

முதலாவதாக, வேளாண்மைக்காக நீர் வடிக்கப்பட்டபோது, பீட் எனப்படும் மட்கிய தாவரப் படிவுகளைக் கொண்ட மண் உலர்ந்து சுருங்கியது. இதனால் நிலம் அமிழ்ந்தது. இரண்டாவதாக, கடல்நீர் ஊறிய பீட்டை மக்கள் வெட்டியெடுத்து எரித்து, அதன் சாம்பலில் இருந்து உப்பைப் பிரித்தெடுத்தனர். இதனால் நிலம் மேலும் பள்ளமானது. மூன்றாவதாக, 1350ஆம் ஆண்டையொட்டிப் பரவிய கொள்ளைநோயினால் மக்கள்தொகை குறைந்து, கடலணைகளைப் பேணுவதற்குப் போதிய ஆட்கள் இல்லாமல் போயிருக்கலாம் எனவும் கருதப்படுகின்றது.

நிலம் உயர் ஓத மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்ததால், அணை உடைந்த பின்னர் ஒவ்வொரு ஓதத்திலும் கடல் மீண்டும் மீண்டும் உட்புகுந்தது. எனவே, ருங்கோல்ட் இருந்த நிலத்தை மீட்க இயலவில்லை. ஊருக்குச் செல்வத்தைத் தேடித்தந்த உப்புத் தொழிலே அதன் அழிவுக்கும் வழிகோலியது எனலாம்.

பழங்கதைகள்

ருங்கோல்ட் மக்கள் செல்வச் செருக்கினால் தண்டிக்கப்பட்டனர் என்னும் கதை பிற்காலத்தில் பரவியது. இக்கதையின்படி, செல்வந்தர்களான உழவர்கள் சிலர் ஒரு பன்றிக்கு மது ஊட்டிப் படுக்கையில் கிடத்தி, நோயாளிக்கு இறுதிச் சடங்கு செய்யுமாறு பாதிரியார் ஒருவரை அழைத்தனர். அவமதிக்கப்பட்ட பாதிரியார் இறைவனிடம் முறையிட, அவர் மட்டும் தப்பிச் செல்ல, ஊர் கடலில் மூழ்கியது. 1666ஆம் ஆண்டில் வெளியான அன்டன் ஹைம்ரைக்கின் வட பிரீசிய வரலாற்று நூலில் இக்கதை இடம்பெற்றுள்ளது. கடல் அமைதியாக இருக்கும்போது ருங்கோல்ட் தேவாலயத்தின் மணியோசை கேட்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. கவிஞர் டெட்லெவ் ஃபொன் லிலியன்குரோன் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய "ட்ருட்ஸ், பிளாங்கே ஹான்ஸ்" என்னும் கவிதை, இவ்வூரின் பெயரை ஜெர்மனி முழுவதும் அறியச் செய்தது.

கண்டுபிடிப்பு

1634ஆம் ஆண்டில் ஏற்பட்ட மற்றொரு பெருவெள்ளம் ஸ்ட்ராண்டைத் துண்டாக்கியது. அதன் எஞ்சிய பகுதிகளே இன்றைய பெல்வோர்ம், நோர்ட்ஸ்ட்ராண்ட் ஆகியன. நோர்ட்ஸ்ட்ராண்டைச் சேர்ந்த உழவரான அன்ட்ரியாஸ் புஷ், 1921ஆம் ஆண்டு முதல் சூட்ஃபால் அருகே சேற்றில் வெளிப்பட்ட மண்மேடுகள், கிணறுகள், வயல் தடங்கள், மர மதகுகளின் எச்சங்கள் முதலியவற்றை அளந்து வரைபடமாக்கினார். கட்டுக்கதை எனக் கருதப்பட்ட ஊரைப் பற்றிய முறையான ஆய்வு இவ்வாறு தொடங்கியது.

பின்னர், கீல், மைன்ஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் ஷ்லெஸ்விக்கில் உள்ள தொல்லியல் நிறுவனங்களும் இணைந்து, காந்தப்புல அளவீடு, மண் துளையிடல் முதலிய முறைகளால் 10 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பை ஆராய்ந்தனர். அதுவரை அறியப்படாத, 2 கிலோமீட்டர் நீளமான மண்மேட்டுத் தொடர் ஒன்றும், அதில் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட தேவாலயத்தின் அடித்தளமும் 2023 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. அப்போது கண்டறியப்பட்டிருந்த மேடுகளின் எண்ணிக்கை 54 ஆகும். தேவாலயத்தின் அளவு, ருங்கோல்ட் ஒரு சிற்றூர் மட்டுமன்றி, அப்பகுதியின் முதன்மையான தலமாகவும் இருந்ததைக் காட்டுகின்றது.

இன்றைய நிலை

வாடன் கடல் 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. எனினும், ருங்கோல்ட்டின் எச்சங்களுக்கு இயற்கையிடமிருந்து பாதுகாப்பு இல்லை. சேற்றை மூடியிருக்கும் மணலை ஓதம் அகற்றும்போது எச்சங்கள் வெளிப்படுகின்றன. அடுத்தடுத்த ஓதங்கள் அவற்றை அரித்துச் செல்கின்றன. ஓதம் இறங்கியிருக்கும் சில மணி நேரத்துக்குள்ளேயே களப்பணி நடைபெற வேண்டியுள்ளது. இதனால், எச்சங்கள் முற்றாக அழியுமுன் அவற்றைப் பதிவு செய்வதே ஆய்வாளர்களின் முதன்மையான பணியாக உள்ளது.