கார் பந்தயக் கணக்கும் ஒரு நோட்டும்



நம் ஜமாஅத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், செமஸ்டர் கட்டணத்துக்கு பைத்துல்மாலில் உதவி கேட்டு வந்தார். அவருடைய அத்தா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். விசாரித்தபோது, அத்தா ஏற்கெனவே 25,000 ரூபாய் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தது. பணம் போன இடம் மாணவரின் பையிலிருந்த நோட்டில் இருந்தது.

அது ஃபார்முலா ஒன் கார் பந்தயக் கணக்கு. எந்த அணி கடைசி ஐந்து பந்தயங்களில் எந்த இடம் பிடித்தது, தகுதிச் சுற்றில் யார் முந்தினார், பந்தயத் தளம் யாருக்கு எவ்வளவு விகிதம் போட்டது எல்லாம் அழகான கையெழுத்தில். மணியாச்சி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் இதுதானாம். “சூதுன்னா கண்ணை மூடிட்டுப் போடுறது. நான் படிச்சுத்தானே போடுறேன்?” என்று கேட்டார்.

நேர்மையான கேள்வி. திட்டி அனுப்பியிருந்தால் வேறு ஊரில் போய்ப் பதில் தேடியிருப்பார். அதனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

அணியின் ஃபார்மை வைத்து ஓரளவு கணிக்கலாம் என்பது உண்மைதான். 2023ல் நடந்த 22 பந்தயங்களில் 21ஐ ரெட் புல் அணியே வென்றது. டெல்லிக்குப் பக்கத்தில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் நடந்த இந்தியப் பந்தயத்திலும் வெட்டல் என்ற ஒரே வீரர்தான் ஜெயித்தார். ஆனால் நம் தம்பிக்குத் தெரிந்தது தளம் நடத்துகிறவனுக்குத் தெரியாதா? அவன் போடும் விகிதத்துக்குள் அந்த ஃபார்ம் முழுவதும் அடக்கம். நிச்சயம் ஜெயிப்பார் என்று ஊரே சொல்லும் வீரருக்கு 1.2 என்று போடுவான். 1,000 ரூபாய் கட்டினால் லாபம் 200. ஒருமுறை தவறினால் ஐந்து வெற்றியின் லாபம் போய்விடும்.

இன்னொன்றை அந்த நோட்டிலேயே காட்டினோம். விளங்குவதற்காக ஐந்தே கார் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். விகிதங்கள் 2, 3.5, 5, 7, 10. யார் ஜெயித்தாலும் நமக்கு 100 ரூபாய் வர வேண்டுமென்றால், ஒவ்வொருவர் மீதும் முறையே 50, 28.57, 20, 14.29, 10 ரூபாய் கட்ட வேண்டும். கூட்டினால் ஏறத்தாழ 123. அதாவது 123 கிலோ உளுந்தை இறக்கிவிட்டு 100 கிலோவுக்குச் சீட்டு வாங்குகிற வியாபாரம். எந்தக் கமிஷன் கடையிலாவது இதற்குச் சம்மதிப்போமா? இடைவெளி தளத்துக்குத் தளம் கூடும், குறையும், இல்லாமல் போகாது. இதையும் தாண்டித் தொடர்ந்து ஜெயிக்கிறவரின் கணக்கைச் சுருக்கிவிடுவதும் அந்தத் தொழிலில் வழக்கம்.

நோட்டுக்குள் வராத விஷயங்களும் உண்டு. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த பந்தயத்தில், மிஷலின் டயர்கள் அந்தத் தடத்தின் வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. ஓடியவை ஆறு. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் பின்வரிசை அணியான ஜோர்டானில் ஓட்டி நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். எந்த ஃபார்மைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க முடியும்? சென்னைத் தீவுத்திடல் பந்தயமே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்டு கடைசியில்தான் நடந்தது.

தம்பி விடவில்லை. “அப்போ மானாவாரி விவசாயமும் சூதுதானே?” என்றார். கரிசல்காட்டுப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான்! புரட்டாசியில் வானத்தைப் பார்த்து விதைக்கிறவருக்கு மழை பொய்த்தால் நஷ்டம். ஆனால் அவருடைய விதையை யாரும் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. விளைந்தால் ஊருக்கே தானியம். பந்தயத்தில் ஒருவர் பெறுவது இன்னொருவர் இழந்ததிலிருந்து மட்டும்தான். மார்க்கம் தடுப்பது அதைத்தான். போட்டியைத் தடுக்கவில்லை, நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடந்ததும், அதில் இப்னு உமர் (ரலி) கலந்துகொண்டதும் புகாரியில் இருக்கிறது. மதுவோடு சேர்த்து சூதைத் தடுக்கும் அல்மாயிதாவின் 90ஆவது வசனம், படித்துவிட்டு ஆடுகிறவருக்கு விலக்கு எதுவும் தரவில்லை.

சட்டமும் மாறிவிட்டது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் இணையத்தில் படித்திருந்தார். ஆனால் 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் இணையத்தில் பணம் கட்டி ஆடும் எல்லாவற்றையும் தடை செய்கிறது. அப்படியும் வெளிநாட்டுத் தளங்கள் முன்பின் தெரியாதவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்கின்றன. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தங்கள் கணக்கை இதற்குக் கொடுத்த பிள்ளைகளின் கணக்குகள் முடக்கப்படுகின்றன. இதைப் பெற்றோர் அவசியம் கவனிக்க வேண்டும்.

கடைசியில், நோட்டில் இல்லாத ஒரு பத்தியை அவரையே போடச் சொன்னோம்: கட்டியது, வந்தது. 22 பந்தயங்களில் 12ல் அவர் கணிப்பு சரி. பாதிக்கு மேல்! கட்டியது 61,000, திரும்பி வந்தது 35,000. தோற்ற வாரத்துக்கு அடுத்த வாரமெல்லாம் இரட்டிப்பாகக் கட்டியிருந்தார். கூட்டி முடித்ததும் சிறிது நேரம் பேசவில்லை.

கட்டணத்தை அறக்கட்டளை நேராகக் கல்லூரிக்கே செலுத்தியது. அத்தாவிடம் விஷயத்தைத் தம்பியே சொன்னார். நாங்கள் பக்கத்தில் இருந்தோம். நோட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. பணம் கட்டாமல் பந்தயம் பார்ப்பதில் தவறென்ன?

இதே நிலையில் உள்ள குடும்பங்கள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அலுவலகத்துக்கு வரலாம். பெயர் வெளியே போகாது. மோசடியில் பணம் இழந்தால் உடனே 1930ஐ அழையுங்கள். மனம் உடைந்து போயிருந்தால் 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம்.