நிப்போனைட்டஸ்: கோணலா, கணக்கா?

கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தில் சக்கரமாக வணங்கப்படும் சுருள், கணவாய்க்கு உறவான, அழிந்துபோன அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓட்டுத்தடம். பெரும்பாலான அம்மோனைட்டுகள் அப்படித் தட்டையாகச் சுருண்டவைதான். ஆனால் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் கிடைத்து, 1904இல் ஹிசகட்சு யாபே விவரித்த நிப்போனைட்டஸ் மிராபிலிஸ் அந்த வழக்கத்தில் அடங்கவில்லை. சிக்குண்ட நூல்கண்டுபோல அதன் ஓடு வளைந்து வளைந்து பந்தாகத் திரண்டிருந்தது. ஊனமாகப் பிறந்த ஒற்றை உயிரோ என்று அறிஞர்கள் சிலர் ஐயுற்றார்கள். பிறகு அதே வடிவில் வேறு ஓடுகளும் கிடைக்கவே, ஊனம் என்ற பேச்சு எடுபடவில்லை. ஊனம் இப்படி அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வராது.

ஓட்டைக் கிட்டத்தில் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். குழலைச் சுற்றி மெல்லிய வரிமேடுகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. குழல் ‘ப’ வடிவில் வளைந்து, அடுத்து எதிர்ப்பக்கம் அதேபோல் வளைகிறது. வலச்சுழியும் இடச்சுழியும் மாறி மாறி வருவதே இதன் சூத்திரம். தகாஷி ஒகமோட்டோ 1988இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணினியில் வரைந்து காட்டினார். ஓடு வளர வளர, அதனுள் இருக்கும் காற்றறைகளின் மிதப்பும் உடலின் எடையும் சேர்ந்து ஓட்டு வாயின் திசையை மாற்றும். வாய் அளவுக்கு மீறி மேலோ கீழோ திரும்பினால் சுழியும் மாறும். இந்த ஒரு விதியே நிப்போனைட்டஸின் உருவத்தைத் தந்துவிட்டது. கணக்கு பொருந்துவதால் உயிரும் அப்படித்தான் வளர்ந்தது என்றாகுமா? ஆகாது. உடலுக்கும் ஓட்டுக்கும் இடையிலான இழுவிசையே சுழியை மாற்றியது என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் இரு தரப்பும் காரணத்தில்தான் மோதுகின்றன. ஒழுங்கு இருப்பதை இருவருமே ஏற்கிறார்கள்.

அழிவை நெருங்கிய குலம் சீர்கெட்டதன் அடையாளமே இந்தக் கோணல் என்பது பழைய வாதம். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நிப்போனைட்டஸ் வாழ்ந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அம்மோனைட்டுகள் மறைந்ததோ சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. சுருள் குலைந்த வகைகள் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருந்தன. கோல்போல் நேராக நீண்ட பாகுலைட்டஸ் வகைகள் கடைசிக் கட்டம்வரை தாக்குப்பிடித்தன. புதுச்சேரியை அடுத்த வழுதாவூர்ப் பாறைகளிலும் அவற்றின் எச்சங்கள் உண்டு. ஒழுங்காகச் சுருண்டவையும் அதே பேரழிவில்தான் மாண்டன. வேகமாக நீந்த நிப்போனைட்டஸின் ஓடு உதவியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் கடலில் பிழைக்க எல்லா உயிருக்கும் வேகம் தேவைப்படுவதில்லை. பழகிய வடிவத்தை அளவுகோலாக வைத்தால் நிப்போனைட்டஸ் கோணல். அதன் வளர்ச்சி விதியை வைத்துப் பார்த்தால் பிசகில்லாத கட்டுமானம்.