தந்தையா, மைந்தனா?

பழைய மாணவர் அலவத்துகொடையில் ஒன்றுகூடும் நாள்களில் டெனிஸ் ஆட்டக்காரரைப் பற்றிய வழக்கொன்று எழாமற் போவதில்லை. முதியோர் இராமநாதன் கிருஷ்ணனுக்கு நிகர் எவருமிலர் என்பர். அடுத்த தலைமுறையினர் விஜய் அமிர்தராஜையும் கிருஷ்ணனின் மைந்தர் இரமேஷையும் முன்னிறுத்துவர். மாணவரோ பெடரர், நடால், ஜோக்கோவிச் மூவரையன்றிப் பிறரைப் பொருட்படுத்தார். தமிழாசிரியருக்கு இவ்வழக்கில் என்ன வேலை என வினவலாம். வெவ்வேறு காலத்துப் புலவரை ஒரே தராசில் நிறுத்துப் பழகியவர் யாம்; ஆகவே துணிந்தோம்.

மாணவர் பட்டங்களை எண்ணுவர். எண்ணுதல் எளிது, ஆனால் ஏமாற்றும். 1968 வரை விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகள் நான்கிலும் பணத்திற்காக ஆடுவோருக்கு இடமில்லை. 1962இல் அந்நான்கையும் ஒருங்கே வென்ற றொட் லேவர், தொழில்முறை ஆட்டத்திற் புகுந்ததும் ஐந்தாண்டுகள் வெளியே நின்றார். அவரில்லாத 1963 முதல் 1967 வரை றோய் எமர்சன் 10 பட்டங்களைக் கொண்டார். தடை நீங்கியபின், 1969இல் லேவர் மீண்டும் நான்கையும் வென்றார். இறுதிக் கணக்கோ எமர்சனுக்கு 12, லேவருக்கு 11! இக்கணக்கைக் கொண்டு எமர்சனே பெரியவர் என்போரை யாம் இதுவரை கண்டதில்லை.

இனி நம்மவரை நோக்குவோம். தந்தை 1954இலும் மைந்தர் 1979இலும் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றனர். பெரியோர் பிரிவில் தந்தை 1960, 1961 ஆகிய ஈராண்டும் அரையிறுதி கண்டார். விஜய் 1973, 1981இலும், இரமேஷ் 1986இலும் காலிறுதியோடு நின்றனர். ஆயின் தந்தை ஆடிய களத்தில் கொன்சாலஸ், றோஸ்வால், ஹோட் ஆகிய தொழில்முறை வீரர் இல்லை. 1973இலோ ஆட்டக்காரர் சங்கத்தைச் சேர்ந்த 81 பேர் போட்டியைப் புறக்கணித்திருந்தனர். 1986இல் இத்தகைய தடையேதும் இல்லை. களத்தின் செறிவை மட்டும் அளந்தால், மைந்தரின் காலிறுதி தந்தையின் அரையிறுதிக்குத் தாழ்ந்ததன்று.

ஆயினும் யாம் தந்தையின் பக்கமே சாய்கின்றோம். யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்பதே எமது அளவுகோல். 1961இல் அவர் காலிறுதியில் வீழ்த்தியவர் மேற்சொன்ன எமர்சன். அவரை அரையிறுதியில் வென்ற நீல் பிரேசரும் லேவருமே அவ்வவ்வாண்டின் பட்டத்தைப் பெற்றனர். விஜயும் 1973இல் அவ்வாண்டு வாகை சூடிய கோடெஸிடமே, அதுவும் ஐந்தாவது செட்டில் 7-5 என்ற கணக்கில் தோற்றார். இரமேஷை வென்ற ஷிவோயினோவிச்சோ அரையிறுதியோடு வெளியேறினார். தந்தையும் மைந்தரும் வன்மையால் அன்றிப் பந்தை இடமறிந்து இடும் நுட்பத்தால் வென்றவர்கள். அவ்வகையில் இருவரும் ஒரே பள்ளியினர்.

இத்தீர்ப்பைக் கேட்ட மாணவனொருவன், 1989 அவுஸ்திரேலியப் போட்டியில் அன்று உலகின் முதலிடத்திலிருந்த விலாந்தரை இரமேஷ் வென்றதை எமக்கு நினைவூட்டினான். எமது அளவுகோலைக் கொண்டே எம்மை மடக்கிவிட்டான். வழக்கை அடுத்த ஒன்றுகூடலுக்கு ஒத்திவைத்துள்ளோம்.