நெல்லின் விலையும் ஏழையின் நிலையும்

ஏற்றத்தாழ்வும் வறுமையும் ஒன்றல்ல. முன்னது ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடுவது. பின்னது வீட்டில் உலை கொதிக்கின்றதா என வினவுவது. நிந்தவூர் போன்ற நெல்விளை ஊர்களில் போடியார், முல்லைக்காரர் எனும் பெயர்களே இவ்விரண்டையும் நினைவூட்டும்.

இடதுசாரிகள் முன்னதையே முதன்மையாகக் கொண்டனர். 1958 இல் பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த நெற்காணிச் சட்டம் குத்தகை உழவருக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. ஆயினும் நாட்டில் அவருட் பலர் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். 1970 இல் இடதுசாரிகளும் பங்குகொண்டு அமைந்த அரசு, நெற்கொள்வனவைத் தன்வசப்படுத்தி, அரிசி கொண்டுசெல்வதையும் கட்டுப்படுத்தியது. விளைத்தவர் விலைபேசும் உரிமையை இழந்தார். உண்பவர் வரிசையில் நின்றார்.

1977 க்குப் பின்னர் வாணிகத் தடைகள் தளர்ந்தன. செல்வர்க்கும் வறியர்க்கும் இடைவெளியும் விரிந்தது. இதனை மறைத்தலாகாது. எனினும் தடையற்ற வாணிகத்தை ஆதரிப்போரின் வினா எஞ்சுகின்றது: ஒப்புரவின் பெயரால் உழவரின் விலைபேசும் உரிமையைப் பறித்தல் நீதியாகுமோ?