கோப்பின் பெயரும் இருப்பிடமும்

இணையப் பக்கங்களை எழுதும் மொழிகளிலேயே ஒருமுறை நிரல் எழுதி, அன்ட்ரோய்ட், ஐபோன் என்னும் இருவகைக் கைத்தொலைபேசிகளிலும் இயங்கச் செய்வதைக் கலப்பு முறை என்பர். போன்காப் என்னும் பெயரோடு தோன்றிப் பின்னர் கொர்டோவா எனப் பெயர்பெற்ற சட்டகம் இம்முறையைப் பரப்பியது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் கணினி பயிலும் நம் மாணவர் இதனைக் கையாளுங்கால் இடறத்தக்க இடமொன்றை ஈண்டு நோக்குவாம்.

துணுக்காயில் உழவர் ஒருவர் நோயுற்ற நெற்பயிரின் படத்தைச் செயலியிற் சேர்த்து, சமிக்ஞை கிடைக்குமிடத்தில் அனுப்பலாமென வைத்திருக்கின்றார் எனக் கொள்வோம். சின்னாள் கழித்துத் திறந்தால் படத்தைக் காணோம். படம் அழியவில்லை, செயலி குறித்துவைத்த முகவரியே பொய்த்துவிட்டது.

ஐபோனில் ஒவ்வொரு செயலிக்கும் தனியறை உண்டு. அவ்வறையின் பாதையில் நீண்டதோர் அடையாளக்குறி இடம்பெறும். செயலி புதுப்பிக்கப்படும்போது அக்குறி மாறக்கூடும். ஆதலின் முழுப்பாதையை எழுதிவைத்தவன் பழைய அறையின் கதவைத் தட்டுகின்றான்.

அன்ட்ரோய்டின் நிலை வேறு. 2013 இல் வந்த 4.4 ஆம் பதிப்பு முதலாக, பயனர் தெரிந்தெடுக்கும் கோப்புக்குப் பாதைக்குப் பதிலாக 'கொன்டென்ட்' எனத் தொடங்கும் முகவரி தரப்படலாயிற்று. இது நூலகச் சீட்டை ஒத்தது. சீட்டைக் கொடுத்தால் நூலகர் நூலைக் கொணர்வார். எந்த அலுமாரியில் இருந்ததென நாம் அறியோம், அறியவேண்டுவதுமில்லை. அச்சீட்டும் பெரும்பாலும் தற்காலிகமானதே. இதனை உணராது 'உண்மைப் பாதை'யைத் துருவும் சொருகிகளை நாடுவோர் பலர். மேகச் சேமிப்பிலுள்ள கோப்புக்குக் கருவியிற் பாதையே இல்லாதிருக்கலாம். 2019 இல் வந்த 10 ஆம் பதிப்போ பாதைவழி அணுகலையே பெரிதும் கட்டுப்படுத்தியது. இல்லாத அலுமாரியைத் தேடுவதில் என்ன பயன்?

செய்யத்தக்கது இது: சீட்டுக் கைக்கு வந்தவுடனேயே கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்து, செயலியின் சொந்தத் தரவு அடைவிற் பிரதி செய்தல் வேண்டும். தற்காலிக அடைவு இதற்கு ஆகாது. இடம் போதாதபோது இயங்குதளம் அதனை வெறுமையாக்கும். தரவுத்தளத்திற் கோப்பின் பெயரை மட்டும் எழுதுக. திறக்கும் ஒவ்வொரு முறையும் அடைவின் பாதையை இயங்குதளத்திடம் புதிதாகக் கேட்டு, அதனோடு பெயரை இணைத்துக்கொள்க. திரையிற் காட்டுதற்கு, அப்பாதையை உலாவிச் சாளரம் ஏற்கும் முகவரியாக மாற்றுதல் வேண்டும். கப்பாசிட்டர் போன்ற பிற்காலச் சட்டகங்களில் அதற்கெனவே செயற்கூறு உண்டு.

இப்பிழை ஆய்வுகூடத்தில் எளிதில் வெளிப்படாது. அங்கே படமெடுத்த மறுகணமே பார்த்துவிடுகின்றோம். பழைய பதிப்பிற் படமொன்றைச் சேமித்து, அதனை அகற்றாமலே அதன்மேற் புதிய பதிப்பை நிறுவி, இணையத் தொடர்பைத் துண்டித்தபின் அப்பழைய படத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும்.